தத்துவத்தில் முனைவர் பட்டம்: பெரிய கேள்வியோடு போய், சின்னக் கேள்வியைக் கண்டுபிடிப்பது எப்படி?

நான் எழுதிய முதல் ஆய்வு முன்மொழிவின் தலைப்பில் 'உண்மை' என்று ஒரு சொல் இருந்தது. படித்துப் பார்த்த பேராசிரியர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் "எது?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்த இரண்டெழுத்துக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு எட்டு மாதம் ஆனது. பிறகு யோசித்தால், முனைவர் பட்ட வேலையில் பாதியை அந்த எட்டு மாதத்திலேயே பார்த்துவிட்டேன் என்று தோன்றுகிறது. விண்ணப்பம், நெறியாளர், தேர்வு, ஆய்வேடு என எந்தக் கட்டத்துக்குப் போனாலும் உங்கள் கேள்வியை இன்னும் ஒரு சுற்று செதுக்கச் சொல்வார்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். வேதியியலில் ஆய்வு செய்தவருக்கும் 'டாக்டர் ஆஃப் ஃபிலாசஃபி' என்றுதான் பட்டம் தருகிறார்கள். பழைய ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றும் மேல்நிலைப் புலங்கள். மிச்சம் இருந்த எல்லாம் ஒரே புலத்தில் அடங்கின. ஜெர்மானிய நாடுகளில் அதற்குத் தத்துவப் புலம் என்று பெயர். அந்தப் பெயர்தான் பட்டத்தில் ஒட்டிக்கொண்டது. நாம் இங்கே பேசப்போவது தத்துவத்தையே பாடமாக எடுத்து ஆய்வு செய்வதைப் பற்றி.

இறங்குவதற்கு முன்

தத்துவ நூல்களைப் படிக்கப் பிடிக்கும் என்பது மட்டும் போதாது. படிப்பதற்குப் பட்டம் தேவையில்லை. சொல்லப்போனால், 20ஆம் நூற்றாண்டின் தருக்கவியலை மாற்றியமைத்தவர்களில் ஒருவரான சால் கிரிப்கி படித்து வாங்கிய பட்டம் இளங்கலை மட்டுமே; மற்றவை எல்லாம் மதிப்புறு பட்டங்கள். (அவர் பள்ளி மாணவராக இருந்தபோதே தருக்கவியலில் ஆய்வுக் கட்டுரை எழுதியவர். நம்மை அவரோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம்.)

உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த தத்துவவாதியின் ஒரே ஒரு பத்தியை எடுங்கள். அதில் முடிவு எது, அதைத் தாங்கும் முற்கோள்கள் (முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்றுகள்) எவை, சொல்லாமல் விட்ட முற்கோள் எது என்று எண் போட்டு எழுதுங்கள். அப்புறம் அதில் மிகப் பலவீனமான முற்கோளை எதிர்த்து ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த நாள் அந்த எதிர்ப்புக்கு அந்தத் தத்துவவாதியின் சார்பாக நீங்களே பதில் எழுதுங்கள். ஒரு வார இறுதி முழுக்க இதைச் செய்தும் சலிக்கவில்லை என்றால் தொடரலாம். பத்தி முடிந்ததும் அடுத்த பெரிய நூலுக்குத் தாவ மனம் பறந்தால், நீங்கள் நல்ல வாசகர். ஆய்வு உங்களுக்குச் சிறையாகத் தோன்றலாம்.

பட்டம் முடிந்ததும் பல்கலைக்கழக வேலை நிச்சயம் என்ற நினைப்பும் வேண்டாம். நிரந்தரப் பணியிடம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிப்பது இந்தத் துறையில் சாதாரணம். வேலை கிடைக்காமலே போனாலும் அந்த ஐந்தாறு ஆண்டுகள் உங்களுக்கு வேண்டுமா? இதற்கு நேர்மையாக 'ஆம்' வந்தால் மட்டும் அடுத்த அடி.

அடித்தளம்

இளங்கலையில் தத்துவம் படிக்காதவர்களும் வரலாம். கணிதம், இயற்பியல், சட்டம், இலக்கியம் என்று பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரிய தத்துவவாதிகளில் ஒருவரான விட்கென்ஸ்டைன் வந்தது விமானப் பொறியியலிலிருந்து. ஆனால் இடையில் ஒரு முதுகலை இருந்தால் நல்லது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் போன்ற சில இடங்களில் முனைவர் படிப்பு இல்லாமல் தனி முதுகலை மட்டும் நடத்துகிறார்கள். வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு அது நல்ல பாலம். ஆக்ஸ்ஃபோர்டில் பிஃபில் என்ற இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. 1946இல் கில்பர்ட் ரைலின் முயற்சியால் தொடங்கிய அந்தப் படிப்பிலிருந்து முனைவர் ஆய்வுக்குப் போனவர்கள் ஏராளம்.

அடிப்படையாக மூன்று தேவை. ஒன்று, தருக்கவியல்: முதல்நிலைப் பயனிலைத் தருக்கம் ('எல்லாம்', 'சில' போன்ற சொற்கள் வரும் வாதங்களைக் குறியீட்டில் எழுதிச் சோதிக்கும் முறை) கைப்பழக்கமாக இருக்க வேண்டும். பல துறைகளில் இதற்குத் தனித் தகுதித் தேர்வே உண்டு. இரண்டு, வரலாறு: பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டெக்கார்ட், ஹியூம், கான்ட் ஆகியோரை உரைநூல்கள் வழியாக அல்லாமல் மூலத்திலேயே கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும். மூன்று, மொழி. கான்ட்மீது ஆய்வு என்றால் ஜெர்மன், அரிஸ்டாட்டில் என்றால் பண்டைய கிரேக்கம், நாகார்ஜுனர் என்றால் சமஸ்கிருதமும் திபெத்தியமும். இதைத் தள்ளிப்போட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு மொழியில் தத்துவ நூலைப் படிக்கும் அளவுக்கு வர இரண்டு ஆண்டாவது ஆகும், அதையும் ஆய்வேட்டு அத்தியாயத்தையும் ஒரே நேரத்தில் இழுக்க முடியாது.

கேள்வியைச் சுருக்குவது

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம்.

"மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா?" என்று தொடங்குகிறீர்கள். இதில் ஆய்வேடு எழுத முடியாது. ஒரு படி கீழே வாருங்கள்: ஒருவரை அவர் செய்த காரியத்துக்குப் பொறுப்பாக்க வேண்டுமானால், அவர் வேறு மாதிரி செய்திருக்க முடிந்திருக்க வேண்டுமா? இது கொஞ்சம் பிடிபடுகிறது. இங்கே 1969இல் ஹாரி ஃபிராங்ஃபர்ட் எழுதிய கட்டுரை குறுக்கே வருகிறது. அவர் முன்வைத்த எடுத்துக்காட்டின் பிற்கால வடிவம் ஒன்று இப்படி: ஒருவன் கொலை செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான். அவனுக்குத் தெரியாமல் அவன் மூளையில் ஒரு கருவி இருக்கிறது. 'வேண்டாம்' என்று அவன் முடிவெடுக்கப் போனால் கருவி தலையிட்டு அவனைக் கொல்ல வைத்துவிடும். ஆனால் அவன் தானாகவே கொல்ல முடிவெடுக்கிறான். கருவிக்கு வேலையே வரவில்லை. வேறு வழி அவனுக்கு இல்லவே இல்லை. இருந்தாலும் பழி அவன்மேல்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. அப்படியானால் பொறுப்புக்கு மாற்று வழி தேவையில்லையா?

இதற்கு ஓர் எதிர்வாதம்: கருவி எப்போது தலையிட வேண்டும் என்று எதை வைத்து அறிகிறது? ஏதோ ஓர் அறிகுறி அவன் முடிவை முன்கூட்டியே உறுதியாக நிர்ணயித்துவிடுகிறது என்றால், எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே எடுத்துக்கொண்டு தொடங்குகிறோம். அறிகுறி அந்த அளவுக்கு உறுதியில்லை என்றால், கடைசிக் கணத்தில் அவனுக்கு மாற்று வழி திறந்தே இருக்கிறது. இரண்டு பக்கமும் இடி.

இன்னொரு படி இறங்கலாம். செய்த காரியத்தை விட்டுவிட்டு, செய்யாமல் விட்டதைப் பாருங்கள். ஜான் மார்ட்டின் ஃபிஷரும் மார்க் ரவிஸ்ஸாவும் விவாதித்த எடுத்துக்காட்டு: கடலில் ஒரு குழந்தை மூழ்குகிறது, கரையில் நிற்பவன் சோம்பலால் சும்மா இருக்கிறான். ஆனால் அவனுக்குத் தெரியாமல் தண்ணீரில் சுறாக்கள் இருக்கின்றன; குதித்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. காப்பாற்றாமல் விட்டதற்கு அவன் பொறுப்பு என்று சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது. முயற்சிகூடச் செய்யாததற்கு வேண்டுமானால் திட்டலாம். கொலைகாரன் விஷயத்தில் மாற்று வழி தேவையில்லை, கரையில் நின்றவன் விஷயத்தில் தேவை. ஏன் இந்த வேறுபாடு?

இதோ, இப்போது உங்கள் கையில் ஆய்வுக்கேற்ற ஒன்று இருக்கிறது. யார் யார் என்ன சொன்னார்கள் என்று எண்ணிவிடலாம். இரண்டு மூன்று நிலைப்பாடுகள்தான். அவற்றில் ஒன்று ஏன் தோற்கிறது என்று காட்டினாலே ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அந்தப் பழைய பெரிய கேள்வி பின்னாலேயே வந்து நிற்கும். சின்னது என்றால் அற்பம் என்று நினைத்துவிட வேண்டாம். 1963இல் எட்மண்ட் கெட்டியர் 'அனலிசிஸ்' இதழில் எழுதிய கட்டுரை மூன்றே பக்கம். அறிவு என்றால் நியாயப்படுத்தப்பட்ட, உண்மையான நம்பிக்கை என்ற வரையறைக்கு இரண்டு எதிர் எடுத்துக்காட்டுகள் தந்தார், அவ்வளவுதான். அறிவுக் கோட்பாட்டில் அடுத்த அரை நூற்றாண்டு அந்த மூன்று பக்கத்துக்குப் பதில் தேடுவதிலேயே போனது.

சுருக்கும் வேலைக்கு இரண்டு கருவிகள் போதும், இரண்டும் இணையத்தில் இருக்கின்றன. 1995இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் முழுக்க இலவசம். ஒவ்வொரு தலைப்பையும் அந்தத் துறை வல்லுநர் எழுதி, அவ்வப்போது திருத்துகிறார். அதில் உங்கள் தலைப்பைப் படித்துவிட்டு, சண்டை எங்கே இன்னும் ஓயவில்லையோ அந்தப் பத்தியில் நில்லுங்கள். அங்கிருந்து, தத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஃபில்பேப்பர்ஸ் தளத்துக்குப் போய், அந்தச் சண்டையில் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் வருங்கால நெறியாளர் அந்தப் பட்டியலிலேயே இருக்கலாம்.

எந்த முறை உங்களுக்கு?

நாட்டுக்கு நாடு அமைப்பு மிகவும் மாறும். அமெரிக்காவிலும் கனடாவின் பல இடங்களிலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வகுப்புகள், அப்புறம் தகுதித் தேர்வு, பிறகுதான் ஆய்வேடு. மொத்தம் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், சிலருக்கு இன்னும் கூடும். என்ன தலைப்பு என்று உறுதியாகத் தெரியாதவர்களுக்கு இதுதான் பொருந்தும், ஏனென்றால் மனம் மாற அவகாசம் தருகிறது. பிரிட்டனில் நேரே ஆய்வேடு. மூன்று நான்கு ஆண்டுகள். உள்ளே நுழையும்போதே முன்மொழிவு தயாராக இருக்க வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலும் முதலில் நெறியாளர் ஒருவர் சம்மதிக்க வேண்டும், பிறகுதான் பதிவு. நெதர்லாந்திலும் நார்டிக் நாடுகளிலும் முனைவர் ஆய்வாளர் பல நேரம் சம்பளம் வாங்கும் ஊழியர். வேலை அறிவிப்பு வரும், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தரவரிசைகளைப் பற்றி ஒரு சொல். பிரையன் லைட்டர் தொடங்கிய தரவரிசை ஆங்கிலம் பேசும் நாடுகளின் தத்துவத் துறைகளை அங்கே பணியாற்றும் பேராசிரியர்களின் மதிப்பை வைத்து வரிசைப்படுத்துகிறது. பல ஆண்டுகளாக மாணவர்கள் அதை வேதம்போல் பார்த்தார்கள், பல பேராசிரியர்கள் அதைக் கடுமையாக விமர்சிக்கவும் செய்தார்கள். என் கருத்தில், மொத்தத் தரவரிசையைப் பார்ப்பது வீண். உங்கள் உட்பிரிவில் அந்தத் துறை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் கொஞ்சம் உதவும். அதைவிட முக்கியம், அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது. பெரும்பாலான துறைகள் இதைத் தங்கள் பக்கத்திலேயே வெளியிடுகின்றன. வெளியிடாத துறையிடம் நேரடியாகக் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

நெறியாளர்

பெரிய பெயர் வேண்டும் என்று அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அலைந்தவன்தான். பெயர் பெற்றவருக்குப் பத்து மாணவர்கள் இருந்தால், உங்கள் அத்தியாயம் அவர் மேசையில் மூன்று மாதம் தூங்கும். அத்தியாயத்தை இரண்டு வாரத்தில் படித்து, "12ஆம் பக்கத்தில் இந்த முற்கோள் உனக்குக் கிடைக்கவே இல்லை" என்று சொல்பவர் கிடைத்தால், அவருக்கு எந்தப் பெயரும் இல்லாவிட்டாலும் விடாதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அவருடைய இப்போதைய மாணவர்களிடம் கேட்பது. கேட்கும் கேள்வி "அவர் எப்படி?" என்று இருக்கக் கூடாது, எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாகக் கொடுத்த அத்தியாயத்துக்கு எப்போது கருத்து வந்தது?" என்று கேளுங்கள். அத்துடன், அவர் ஓய்வு பெறப்போகிறாரா, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறாரா, அப்படி நடந்தால் அதே துறையில் உங்கள் தலைப்பை ஏற்க இன்னொருவர் இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். ஒருவரை மட்டும் நம்பிச் சேருவது ஒற்றைக் காலில் நிற்பதுபோல.

அவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் ஐந்தாறு வரிக்குமேல் போக வேண்டாம். அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த வாதம் உங்கள் கேள்வியைத் தொடுகிறது என்று ஒரு வாக்கியம், உங்கள் கேள்வி ஒரு வாக்கியம், புதிய மாணவர்களை ஏற்கிறாரா என்று ஒரு வாக்கியம். புகழ்ச்சி வேண்டாம். அமெரிக்க முறையில் குழுதான் முடிவெடுக்கும் என்பதால் பதில் வராவிட்டாலும் மனம் தளர வேண்டியதில்லை. ஜெர்மனியில் பதில் வராவிட்டால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

விண்ணப்பம்

மதிப்பெண் பட்டியல், நோக்கக் கூற்று, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், மொழித் தேர்வு என்று பல காகிதங்கள் கேட்பார்கள். ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வைப் பல தத்துவத் துறைகள் இப்போது கேட்பதில்லை, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் உங்களை உள்ளே தள்ளுவதும் வெளியே தள்ளுவதும் ஒன்றுதான்: எழுத்து மாதிரி.

இது சுமார் 15 முதல் 25 பக்கம் வரும் ஒரு கட்டுரை. குழுவில் இருப்பவர் நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் புரட்டுகிறார். முதல் பக்கத்திலேயே உங்கள் வாதம் என்ன என்று தெரியாவிட்டால் இரண்டாம் பக்கம் அவர் கண்ணில் படாமலே போகலாம். "மனித நாகரிகம் தோன்றிய காலம் முதல்" என்று தொடங்கும் பத்தியை வெட்டி எறியுங்கள். முதல் பத்தியில் இவர் இப்படிச் சொல்கிறார், அது தவறு, காரணம் இது, நான் இதைக் காட்டப்போகிறேன் என்று இருக்கட்டும். மற்றவரின் வாதத்தைச் சுருக்கிச் சொல்வதற்கு ஐந்து பக்கத்துக்குமேல் போனால் அது ஆய்வு இல்லை, குறிப்பேடு. உங்கள் வாதத்துக்கு வரக்கூடிய மிக வலுவான எதிர்ப்பை நீங்களே எழுதி, அதற்குப் பதில் சொல்லுங்கள். பதில் முழுதாக இல்லாவிட்டால், எவ்வளவு தூரம் போகிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். அந்த ஒப்புதலைப் படிப்பவர் பலவீனமாக எடுத்துக்கொள்ள மாட்டார், நிதானமான ஆள் என்று குறித்துக்கொள்வார்.

இந்த மாதிரியை ஓர் ஆண்டுக்கு முன்பே தொடங்குங்கள். குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் தத்துவம் படிக்காதவராக இருக்கட்டும். அவருக்கு வாதம் புரியாவிட்டால் தவறு அவருடையது இல்லை.

நோக்கக் கூற்றில் வாழ்க்கைக் கதை வேண்டாம். சிறு வயதில் நட்சத்திரங்களைப் பார்த்து வியந்தது எல்லோருக்கும் நடந்திருக்கிறது. பரிந்துரைக் கடிதத்தை உங்கள் எழுத்தைப் படித்தவரிடம் மட்டும் கேளுங்கள், குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக.

அமெரிக்காவில் கெடு பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வரும். முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். நிதியுடன் இடம் கிடைத்தவர்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதற்கு உடன்பட்டிருக்கின்றன. அதற்கு முன்பே முடிவு சொல்லும்படி யாராவது அவசரப்படுத்தினால் பணிவாக அந்தத் தேதியை நினைவூட்டலாம்.

பணம்

கடன் வாங்கித் தத்துவத்தில் முனைவர் பட்டம் செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. கட்டண விலக்கும் வாழ்வதற்கான உதவித்தொகையும் சேர்ந்து வராவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பியுங்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு உறுதி, விடுமுறை மாதங்களுக்கும் உண்டா, அதற்கு ஈடாக எத்தனை வகுப்பு எடுக்க வேண்டும், மருத்துவக் காப்பீடு சேர்ந்ததா என்பதை எழுத்தில் வாங்குங்கள். படிப்பு சராசரியாக ஏழு ஆண்டு இழுக்கும் இடத்தில் ஐந்து ஆண்டுக்கு மட்டும் பணம் தருகிறார்கள் என்றால், அந்த இரண்டு ஆண்டுக்கு என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசிக்க வேண்டும்.

உள்ளே நுழைந்த பின்

வகுப்புகள் உள்ள முறையில், ஒவ்வொரு பருவக் கட்டுரையையும் ஆய்வேட்டின் பக்கம் திருப்பப் பாருங்கள். எல்லாவற்றையும் திருப்ப முடியாது, தேவையும் இல்லை. கருத்தரங்கில் முதல் சில மாதம் எல்லோரும் உங்களைவிட அதிகம் படித்தவர்களாகத் தோன்றுவார்கள். சிலர் உண்மையிலேயே அப்படித்தான், பலர் சத்தமாகப் பேசுகிறார்கள், அவ்வளவே.

நேரம் கரைவது தகுதித் தேர்வுக்கும் முன்மொழிவுக்கும் இடையில். கையில் வகுப்பு இல்லை, கெடுவும் இல்லை, படிக்க வேண்டிய பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகும். இங்கே பலர் ஓர் ஆண்டைத் தொலைக்கிறார்கள். நான் தப்பித்தது ஒரு மட்டமான உத்தியால்: தினமும் காலையில், படிக்கத் தொடங்குவதற்கு முன், 300 சொல் எழுதிவிட வேண்டும். குப்பையாக இருந்தாலும் சரி. படித்து முடித்த பிறகு எழுதலாம் என்றால் படிப்பு முடியவே முடியாது. படித்ததையெல்லாம் ஸோட்டேரோ போன்ற ஒரு மென்பொருளில் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். நான்காம் ஆண்டில் ஒரு பக்க எண்ணுக்காக இரண்டு நாள் நூலகத்தில் அலைய வேண்டியிருக்காது.

ஆய்வேடு இரண்டு வடிவத்தில் வரும். ஒரே வாதத்தை அத்தியாயம் அத்தியாயமாக வளர்க்கும் நூல் வடிவம் ஒன்று. தொடர்புடைய மூன்று நான்கு தனிக் கட்டுரைகளைச் சேர்த்துக் கட்டுவது இன்னொன்று. பல துறைகள் இரண்டாவதையும் ஏற்கின்றன. தருக்கத்தையும் மொழியையும் வைத்து வாதங்களைப் பிரித்துப் பார்க்கும் பகுப்பாய்வு மரபில் இருப்பவர்களுக்கு அது வசதி, ஏனென்றால் ஒவ்வொன்றையும் அப்படியே இதழுக்கு அனுப்பலாம். தத்துவ வரலாற்றிலோ, அனுபவம் நமக்கு எப்படித் தோன்றுகிறது என்று ஆராயும் நிகழ்வியலிலோ இருந்தால் நூல் வடிவமே பொருந்தும். நீளத்துக்கு வரம்பு உண்டு: ஆக்ஸ்ஃபோர்டில் 75,000 சொல், கேம்பிரிட்ஜில் 80,000. எல்லோரும் பயப்படுவது அந்த எண்ணிக்கையை எட்ட முடியுமா என்று. கடைசியில் எல்லோரும் வெட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

இதழ்களைப் பற்றி: 'மைண்ட்', 'ஃபிலாசஃபிகல் ரிவ்யூ', 'எதிக்ஸ்' போன்ற முன்னணி இதழ்கள் வருவதில் பத்தில் ஒன்றைக்கூட ஏற்பதில்லை. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். எனவே மூன்றாம் ஆண்டிலாவது முதல் கட்டுரையை அனுப்பிவிடுங்கள். மறுப்பு வந்தால், மதிப்பீட்டாளர் தவறாகப் படித்துவிட்டார் என்று முதல் நாள் கோபம் வரும். மறுநாள் பார்த்தால், அவர் தவறாகப் படிக்கும்படி நீங்கள்தான் எழுதியிருப்பீர்கள். திருத்தி ஒரு வாரத்துக்குள் அடுத்த இதழுக்கு.

கடைசி ஆண்டுக்கு முன்பே வேலை தேடத் தொடங்க வேண்டும். கல்விப் பணிகளுக்கு ஃபில்ஜாப்ஸ் தளத்தைப் பாருங்கள். கூடவே வெளியே ஒரு கதவைத் திறந்து வையுங்கள்: மருத்துவ அறவியல் குழுக்கள், கொள்கை ஆய்வு, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் அறவியல் பிரிவு, பதிப்பகம், சட்டம். கருத்தைப் பிரித்து, வாதத்தை நிறுத்திப் பார்க்கும் பழக்கத்துக்கு அங்கெல்லாம் வேலை இருக்கிறது.

வாய்மொழித் தேர்வு

பிரிட்டனில் அறைக்குள் இரண்டு தேர்வாளர்கள், இரண்டு மணி நேரம். அமெரிக்காவில் உங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்த குழுவே கேட்கும். இதைத் தவிர்க்க வழியில்லை. கவிஞர் டி. எஸ். எலியட், எஃப். எச். பிராட்லியின் தத்துவம் பற்றி எழுதி 1916இல் ஹார்வர்டுக்கு அனுப்பிய ஆய்வேட்டைத் துறை ஏற்றுக்கொண்டது. போர்க்காலத்தில் கடல் கடந்து போய் வாய்மொழித் தேர்வில் உட்கார முடியாததால் அவருக்குப் பட்டம் கிடைக்காமலே போனது.

மறுபக்கம் விட்கென்ஸ்டைன். ஏற்கெனவே அச்சில் வந்து புகழ்பெற்ற தம் நூலையே 1929இல் கேம்பிரிட்ஜில் ஆய்வேடாகக் கொடுத்தார். தேர்வாளர்கள், தத்துவவாதிகளான ரஸ்ஸலும் மூரும். முடிவில் விட்கென்ஸ்டைன் அந்த இருவரின் தோளைத் தட்டி, உங்களுக்கு இது ஒருபோதும் புரியாது, கவலைப்படாதீர்கள் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. நீங்கள் இதை முயன்று பார்க்க வேண்டாம்.

தயாரிப்பு எளிது. ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்து, ஒவ்வொரு அத்தியாயத்தின் வாதத்தையும் நான்கு வரியில் எழுதுங்கள். தேர்வாளர்கள் எழுதிய கட்டுரைகளைப் படியுங்கள். அவர்கள் நிலைப்பாட்டோடு உங்கள் வாதம் எங்கே மோதுகிறதோ கேள்வி அங்கிருந்துதான் வரும். பதில் தெரியாவிட்டால், "அதை நான் இதில் எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்திருந்தால் இந்த வழியில் போயிருப்பேன்" என்று சொல்லலாம். பெரும்பாலானோருக்குச் சிறு திருத்தங்களோடு பட்டம் கிடைக்கும். திருத்தப் பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொன்றையும் எந்தப் பக்கத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று தனித்தாளில் எழுதித் திரும்ப அனுப்புங்கள்; சரிபார்ப்பவருக்கு வேலை குறையும், உங்களுக்கும் சீக்கிரம் முடியும்.

கடைசியாக ஒரு காகித வேலை. ஆய்வேட்டை நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றச் சொல்வார்கள். அதை நூலாக்கும் எண்ணம் இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே இரண்டு மூன்று ஆண்டுக்குப் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டாம் என்று விண்ணப்பத்தில் குறியுங்கள். பின்னால் கேட்டால் கடினம். ஜெர்மனியில் நிலைமை நேர்மாறு: அங்கே ஆய்வேட்டை வெளியிட்ட பிறகுதான் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ள முடியும்.